ஏஆர்-15 லோயர் ரிசீவர்: பாலிமரா, அலுமினியமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் உதிரிப்பாகங்களை வாங்கி, வீட்டு மேசையில் வைத்துப் பொருத்தி, தமக்கென ஒரு ஏஆர்-15 ரைஃபிளை அமைத்துக்கொள்பவர்கள் ஏராளம். அந்த வழக்கத்துக்குள் புதிதாக வரும் தமிழ் நண்பர்கள் முதலில் தடுமாறும் இடம் லோயர் ரிசீவரின் பொருள். நான் பல ஆண்டுகள் பிளாஸ்டிக் வார்ப்பு அச்சுகளோடு பழகியவன் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் திரும்பத் திரும்ப வருகிறது. வரிசை எண் பொறித்து, முழுமையாகச் செய்து, உரிமம் பெற்ற கடைகளில் விற்கப்படும் லோயர்களைப் பற்றி மட்டுமே இங்கே பேசுகிறேன்.

லோயர் ரிசீவர் என்பது எது? அதற்கு மட்டும் ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

ஏஆர்-15 இரண்டு பாதிகளால் ஆனது. குழல், தோட்டாவைக் குழலின் பின்முனைக்குள் தள்ளிப் பூட்டும் போல்ட், குறிபார்க்கும் கருவி ஆகியவை மேல்பாதியான அப்பரில் இருக்கின்றன. விரலால் இழுக்கும் விசை (டிரிகர்), சுத்தியல், தோட்டாக்கூடு நுழையும் கிணறு, கைப்பிடி, பின்னால் தோளில் அணைக்கும் கட்டை ஆகியவை கீழ்ப்பாதியான லோயரில் பொருந்துகின்றன. அமெரிக்கக் கூட்டாட்சி அரசு இந்த ரைஃபிளில் சட்டப்படி "துப்பாக்கி" என்று கருதுவது லோயரைத்தான். வரிசை எண் அதில்தான் இருக்கும். குழலையும் போல்ட்டையும் கூட்டாட்சிச் சட்டப்படி அஞ்சலில் வீட்டுக்கே வரவழைக்கலாம். புதிய லோயரை உரிமம் பெற்ற கடைக்காரரிடம் போய்த்தான் வாங்கவேண்டும். பிற பாகங்களைப் பின்னால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், லோயரை மாற்றினால் சட்டத்தின் கண்ணில் அது வேறு துப்பாக்கி. ஆகவே அதைத் தேர்ந்தெடுக்கும்போது சற்று நிதானிப்பது நல்லது.

இதை யார் வாங்கலாம்? எச்1பி விசாவில் இருக்கிறேன், நான் வாங்கலாமா?

கடையில் 4473 என்னும் படிவத்தை நிரப்பவேண்டும். அதன் அடிப்படையில் பின்னணிச் சோதனை நடக்கும். 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, கடைக்காரர் தனி லோயரை 21 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது. முழு ரைஃபிளுக்கு 18 வயது போதும் என்றிருக்க, அதன் ஒரு பாகத்துக்கு 21 கேட்கிறார்களே என்று பலர் வியப்பதுண்டு. தனி லோயர் இன்னும் ரைஃபிள் ஆகவில்லை, நாளைக்குக் கைத்துப்பாக்கியாகவும் ஆகலாம் என்பதே காரணம்.

கிரீன் கார்டு வைத்திருப்பவர் வாங்கலாம். எச்1பி, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் வந்தவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதையே கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. அமெரிக்க மாநிலம் ஒன்று வழங்கிய செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. நம்மவர்கள் பலர் இதை அறியாமலே நண்பரின் துப்பாக்கியைத் தம் வீட்டில் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். படிவத்தில் தவறான தகவல் தருவது குற்றம், அதுவும் நாடு கடத்தப்படும் அளவுக்குப் போகக்கூடிய குற்றம். ஐயம் இருந்தால் குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்ட பிறகே கடைப்படி ஏறுங்கள்.

மாநிலச் சட்டங்கள் தனி. கலிஃபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி, இலினாய், வாஷிங்டன் போன்றவை ஏஆர் வகை ரைஃபிள்களுக்குக் கடுமையான தடைகளோ கட்டுப்பாடுகளோ விதித்திருக்கின்றன. லோயரின் பொருள் எதுவானாலும் இவை பொருந்தும்.

பாதி முடித்த, வரிசை எண் இல்லாத லோயர்கள் மலிவாகக் கிடைக்கின்றனவே?

அவற்றைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. சுலபமாக முடித்துவிடக்கூடிய உதிரித் தொகுப்புகளையும் துப்பாக்கியாகவே கருதவேண்டும் என்ற 2022ஆம் ஆண்டு விதியை உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் ஏற்றுக்கொண்டது. பல மாநிலங்கள் அதற்கு முன்பே அவற்றைத் தடை செய்துவிட்டன. முழுமையான லோயரே ஓர் உணவகச் செலவுக்குள் கிடைக்கும் காலத்தில் அந்தப் பக்கம் போவதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

தோட்டா வெடிக்கும் அழுத்தத்தைப் பிளாஸ்டிக் எப்படித் தாங்கும்?

தாங்கவேண்டிய தேவையே இல்லை. ஏஆர் வடிவமைப்பின் அழகு இங்கேதான் இருக்கிறது. ஏஆர்-15இன் வழக்கமான .223 தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில்தரம் வைத்திருக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 55,000 பவுண்டு. அந்த அழுத்தம் எழும் கணத்தில் எஃகுப் போல்ட்டின் பற்கள், குழலின் பின்முனையில் திருகப்பட்டிருக்கும் எஃகு நீட்சிக்குள் பூட்டிக்கொண்டிருக்கும். எஃகும் எஃகும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள, அழுத்தம் அங்கேயே அடங்கிவிடுகிறது. அப்பர்கூட அதைப் பெரிதாகச் சுமப்பதில்லை, லோயருக்கு அதில் பங்கே இல்லை.

1950களில் ஆர்மலைட் நிறுவனத்தில் யூஜின் ஸ்டோனர் இந்த ஏற்பாட்டைச் செய்ததால்தான், அதுவரை எஃகுக் கட்டியில் கடைந்தெடுத்த உடல்களை விட்டுவிட்டு அலுமினிய உடலுக்குத் துணிந்து போக முடிந்தது. ஆர்மலைட் அப்போது ஃபேர்சைல்ட் என்னும் விமான நிறுவனத்தின் ஒரு பிரிவு. அலுமினியமும் பிளாஸ்டிக்கும் அவர்களுக்குப் பழகிய பொருள்கள். இன்று பாலிமரைப் பார்த்து முகம் சுளிக்கும் பெரியவர்களின் முந்தைய தலைமுறை, அலுமினிய ரைஃபிளைப் பார்த்துப் பொம்மைத் துப்பாக்கி என்று சிரித்ததையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

லோயர் உண்மையில் தாங்குவது வேறு: பின்னால் ஓடிவரும் போல்ட் தொகுதியின் வேகத்தை ஏற்கும் பஃபரின் அதிர்ச்சி, சுத்தியல் விசைச்சுருளின் இழுப்பு, தோட்டாக்கூட்டின் எடை, இவை எல்லாவற்றுக்கும் மேலாகப் பின்கட்டையின் நெம்புகோல் விசை. பாலிமரின் சோதனை இந்தக் கடைசி விசையில்தான் நடக்கிறது.

அலுமினியம் என்றால் எந்த அலுமினியம்?

இரண்டு பெயர்களைத் தெரிந்துகொண்டால் போதும். 7075-டி6 என்பது துத்தநாகம் முதன்மையாகவும் மக்னீசியமும் செம்பும் துணையாகவும் சேர்ந்த கலவை. விமானச் சட்டகங்களுக்கு உரியது. நிலையாக வளையத் தொடங்கும் முன் அது தாங்கும் தகைவு சுமார் 500 மெகாபாஸ்கல். 6061-டி6 மக்னீசியமும் சிலிக்கானும் சேர்ந்தது. அதன் அளவு சுமார் 275 மெகாபாஸ்கல். மிதிவண்டிச் சட்டகத்துக்கும் கட்டடப் பொருத்துகளுக்கும் 6061 அருமையான பொருள்தான், துருவை 7075ஐ விட நன்றாகவே எதிர்க்கும். ஆயினும் லோயருக்கு 7075 வாங்குங்கள். விலை வேறுபாடு பெயரளவில்தான்.

செய்முறையும் கவனிக்கத் தக்கது. சூடாக்கிய கட்டியை அச்சுக்குள் அடித்து உருவாக்கிப் பிறகு கடைந்தெடுப்பது ஒரு வகை. முழுக் கட்டியிலிருந்து கணினி இயந்திரத்தில் செதுக்கியெடுப்பது இன்னொரு வகை. அடித்து உருவாக்கியதில் உலோகத்தின் இழையோட்டம் வடிவத்தோடு சேர்ந்து வளைந்து போகும் என்பதால் அதே தடிமனுக்கு அதன் உறுதி ஒரு படி மேல். செதுக்கியது பார்க்க அழகாக இருக்கும், ஓரங்கள் கூர்மையாக இருக்கும், விலையும் அதற்கேற்ப ஏறும். உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிந்த செய்தி ஒன்று உண்டு: நாட்டில் அடித்துருவாக்கும் பட்டறைகள் சில மட்டுமே, பல வணிகப் பெயர்கள் அவர்களிடமிருந்து கட்டியை வாங்கித் தம் இயந்திரத்தில் கடைந்து, தம் சின்னத்தைப் பொறிக்கின்றன. ஆகவே சின்னத்துக்காக இரண்டு மடங்கு கொடுப்பதற்கு முன் ஒருமுறை யோசியுங்கள்.

மேற்பூச்சாகக் காணும் கறுப்பு, வண்ணம் அல்ல. கடின அனோடைஸிங் என்னும் மின்வேதி முறையில் உலோகத்தின் மேற்பரப்பே அலுமினிய ஆக்சைடாக மாற்றப்படுகிறது. நீலக்கல்லும் மாணிக்கமும் இதே சேர்மத்தால் ஆனவை. அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு அளவே உள்ள அந்தத் தோல்தான் விசை முளைகள் செல்லும் துளைகளைத் தேயாமல் காக்கிறது.

பாலிமர் என்று பொதுவாகச் சொல்வது எந்தப் பிளாஸ்டிக்கை?

பெரும்பாலும் நறுக்கிய கண்ணாடி இழை கலந்த நைலானை. சிலவற்றில் கார்பன் இழை இருக்கும். துப்பாக்கியில் நைலான் புதிதன்று. ரெமிங்டன் நிறுவனம் 1959இலேயே டூபாண்ட்டின் நைலானால் உடல் செய்த .22 ரைஃபிளை விற்றது. ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் கோக் 1970இல் பாலிமர் உடல் கொண்ட கைத்துப்பாக்கியைக் கொண்டுவந்தது. 1980களில் ஆஸ்திரியாவின் கிளாக் அதை உலகெங்கும் வழக்கமாக்கிவிட்டது.

முப்பது விழுக்காடு கண்ணாடி இழை சேர்த்த நைலானின் இழுவலிமை, உலர்ந்த நிலையில் சுமார் 180 மெகாபாஸ்கல். எண்ணைப் பார்த்தால் மோசமில்லை. ஆனால் வலிமையும் விறைப்பும் ஒன்றல்ல. அதே விசைக்கு அலுமினியத்தை விட ஏழெட்டு மடங்கு அதிகமாக நைலான் வளையும். மேலும், நைலான் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும் பொருள். ஈரம் ஏறிய பின் விறைப்பு இன்னும் குறையும், அதற்கு ஈடாகச் சற்று நெகிழ்ந்து கொடுக்கும் தன்மை கூடும். பொருள் தரவுத்தாளில் அச்சாகியிருப்பது பெரும்பாலும் உலர்ந்த மாதிரியின் எண் என்பதை விற்பவர்கள் சொல்வதில்லை.

இன்னொன்றும் உண்டு. உருகிய நைலான் அச்சுக்குள் பாயும்போது இழைகள் பாயும் திசையில் படுத்துக்கொள்கின்றன. இரண்டு பாய்ச்சல்கள் ஒரு துளையைச் சுற்றிவந்து சந்திக்கும் கோட்டில் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதில்லை. அந்தக் கோடு எப்போதும் பலவீனமானது. லோயரில் துளைகளுக்குப் பஞ்சமில்லை. அச்சுக்குள் எந்த இடத்தில் பிளாஸ்டிக்கைச் செலுத்துவது என்று முடிவெடுத்தவர் கெட்டிக்காரரா இல்லையா என்பதை வாங்குபவர் கண்ணால் பார்த்து அறிய வழியில்லை.

பாலிமர் லோயர் எங்கே உடைகிறது?

பெரும்பாலும் ஒரே இடத்தில். லோயரின் பின்புறம், கைப்பிடிக்கு மேலே, மரையிட்ட வளையம் ஒன்று நிமிர்ந்து நிற்கும். பஃபரும் அதன் சுருளும் ஓடும் குழாய் அதில்தான் திருகப்படுகிறது. பின்கட்டை அந்தக் குழாயின் மேல் ஏறுகிறது. கட்டையின் நுனியில் நீங்கள் கொடுக்கும் எந்த அடியும், பல அங்குல நீளமுள்ள நெம்புகோல் வழியாக அந்த வளையத்தின் மெல்லிய கழுத்தில் வந்து இறங்கும். அலுமினியத்தில் அந்தத் தடிமன் போதும். அதே தடிமனை அப்படியே நைலானில் நகலெடுத்தால் போதாது.

டெக்சஸில் ஒரு சுடுதளத்தில் இதை நேரில் பார்த்தேன். பக்கத்து மேசைக்காரரின் ரைஃபிளில் சுட்ட தோட்டா உறை குழலுக்குள் சிக்கிக்கொண்டது. அப்படிச் சிக்கினால், தோட்டாக்கூட்டை எடுத்துவிட்டு, குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்தபடி போல்ட் கைப்பிடியை இழுத்துப் பிடித்துக்கொண்டே கட்டையின் அடியைத் தரையில் மோதுவது இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த வழி. அவரும் அப்படித்தான் மோதினார். இரண்டாவது மோதலில் உறை வெளியே வந்தது, கூடவே கட்டையும் குழாயும் வளையத்தோடு சேர்ந்து கையோடு வந்துவிட்டன. அவர் பஃபர் சுருளைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. உடைந்த முகத்தைப் பார்த்தேன்: சுத்தமான, வளையாத முறிவு. அலுமினியம் என்றால் வளைந்திருக்கும், அல்லது ஒன்றும் ஆகியிருக்காது.

நம் ஊர்ப் பிளாஸ்டிக் குடத்தை நினைத்துப் பாருங்கள். பித்தளைக் குடத்தின் வடிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டாலும், கழுத்தையும் விளிம்பையும் தடித்து வார்த்த குடம்தான் நிறை தண்ணீரோடு இடுப்பில் ஏறி நிலைத்தது. தடிக்காத குடம் கழுத்தில் விரிந்தது. லோயர் செய்பவர்களும் இதை மெல்லக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். சிலர் வளையத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக்கை ஏராளமாகத் தடிக்கவைத்தார்கள். சிலர் மரைப் பகுதியில் உலோக உள்ளீடு ஒன்றைப் பதித்து வார்த்தார்கள். உலோக உள்ளீடு உள்ள லோயர் அது இல்லாததை விட மேல்தான். என்றாலும் உலோகமும் நைலானும் சந்திக்கும் எல்லையில் புதிய பலவீனம் ஒன்று பிறக்கிறது. வெயிலில் இரண்டும் ஒரே அளவில் விரிவதில்லை.

முன்புறம், அப்பரோடு சேரும் முளை செல்லும் இரண்டு காதுகள் உடைந்ததையும் கேள்விப்பட்டிருக்கலாம். அது பெரும்பாலும் ரைஃபிள் கீழே விழுவதால் நேர்வது.

அப்படியானால் பாலிமர் லோயர் எல்லாமே தவிர்க்கத்தக்கதா?

இல்லை. நைலானுக்கென்றே வரையப்பட்ட லோயர் ஒன்று உண்டு. அதைப் பார்த்த பிறகுதான் இந்த விவாதத்தின் முனை எனக்குப் புரிந்தது. 2000களின் தொடக்கத்தில் அரிசோனாவின் கேவல்ரி ஆர்ம்ஸ் நிறுவனம் செய்த கேவ்-15இல் லோயர், கைப்பிடி, பின்கட்டை மூன்றும் ஒரே உடல். மரையிட்ட வளையமும் இல்லை, திருகும் குழாயும் இல்லை. பஃபர் கட்டைக்குள்ளேயே ஓடுகிறது. எங்கே உடையுமோ அந்த இடத்தையே வடிவமைப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதை இரண்டு பாதிகளாக வார்த்து ஒட்டவைத்தார்கள். அதே எண்ணத்தைப் பின்னால் கேஇ ஆர்ம்ஸ் நிறுவனம் கேபி-15 என்ற பெயரில், ஒட்டுக்கோடே இல்லாமல் ஒரே வார்ப்பாக 2020 அளவில் கொண்டுவந்தது.

இதற்கு விலையும் உண்டு. கட்டையின் நீளத்தை மாற்ற முடியாது. உயரம் குறைந்த மனைவியும் உயரமான கணவரும் ஒரே ரைஃபிளைப் பகிர நினைத்தால் இது ஒத்துவராது. கைப்பிடியையும் மாற்ற முடியாது. நீளம் உங்களுக்குப் பொருந்தினால் அருமை, பொருந்தாவிட்டால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

எடை எவ்வளவு குறையும்?

பாகங்கள் எதுவும் பொருத்தாத அலுமினிய லோயர் சுமார் 240 கிராம். வழக்கமான வடிவத்திலுள்ள பாலிமர் லோயர் அதில் ஏறத்தாழ பாதி. லாபம் நூறு கிராம் அளவு. மூன்று கிலோ ரைஃபிளில் இது கையில் உணரக்கூடிய மாற்றமல்ல. முப்பது தோட்டாக்கள் நிறைந்த ஒரு கூடே இதைப்போல நாலு மடங்கு. எடை குறையவேண்டும் என்று உண்மையிலேயே விரும்புபவர் மெல்லிய குழலைத் தேர்ந்தெடுத்தால் இதைவிடக் கூடுதலாகக் குறையும், அதுவும் கை நீட்டிப் பிடிக்கும் முன்புறத்தில் குறையும். ஒரே உடலாக வார்த்த வகையில் மட்டும், குழாயும் தனிக் கட்டையும் கைப்பிடியும் சேர்ந்து தவிர்க்கப்படுவதால் கணக்கு வேறு.

விலை?

ஒரு காலத்தில் இதுதான் பாலிமரின் முதல் வாதம். இன்று தள்ளுபடிக் காலத்தில் நல்ல 7075 லோயர் 50 டாலர் அளவிலேயே கிடைக்கிறது. பாலிமரில் மிச்சம் பிடிப்பது பின்னணிச் சோதனைக்குக் கடைக்காரர் வாங்கும் கட்டணத்துக்குக்கூடக் காணாது.

துல்லியம் பாதிக்குமா? அப்பரும் லோயரும் ஆடுகின்றனவே?

குழலும் குறிபார்க்கும் கருவியும் இரண்டுமே அப்பரில் இருக்கின்றன. லோயர் சற்று ஆடினாலும் அவற்றுக்கிடையே உள்ள உறவு மாறுவதில்லை. ஆட்டம் எரிச்சலூட்டும், அவ்வளவுதான்.

விசைத் தொகுதி பொருத்துவதில் வேறுபாடு உண்டா?

உண்டு. சாதாரண விசைக்குப் பெரிய சிக்கல் இல்லை. விலையுயர்ந்த பெட்டி வகை விசைகள் சிலவற்றில், ஆட்டத்தைப் போக்க அடியிலுள்ள சிறு திருகுகள் லோயரின் தரையை அழுத்திப் பிடிக்கும். நைலான் தரை நாளடைவில் அந்த அழுத்தத்துக்குக் குழிந்து கொடுத்துவிடும். சுமை தொடர்ந்து இருந்தால் மெல்ல மெல்ல இடம் கொடுப்பது பிளாஸ்டிக்கின் பிறவிக் குணம். விசையை உற்பத்தியாளர் எந்த லோயருக்கு ஏற்றது என்கிறார் என்று பார்த்து வாங்குங்கள். பொருத்திய பின், பாதுகாப்புப் பொத்தான் தன் வேலையைச் செய்கிறதா என்று, தோட்டா அந்த அறையிலேயே இல்லாத நிலையில் சோதிப்பது எந்தப் பொருளுக்கும் கட்டாயம். துளைகள் நீள்வட்டமாகத் தேய்ந்த லோயரில் இந்தச் சோதனை தவறத் தொடங்கினால் அதை அன்றோடு நிறுத்திவிட வேண்டும்.

வெயிலும் பனியும்?

சுடும்போது சூடேறுவது குழலும் வாயுப் பகுதியும். லோயர் கைச்சூட்டைத் தாண்டுவது அரிது. ஆனால் அரிசோனாவின் ஜூலை மாதத்தில் மூடிய காருக்குள் கிடக்கும் லோயரின் கதை வேறு. எழுபது எண்பது டிகிரி செல்சியஸ் பகுதியில் நைலான் கணிசமாக இளகத் தொடங்கும். உருகாது, ஆனால் இறுக்கிய திருகுகள் தளரும். துப்பாக்கியைக் காரில் விட்டுப் போவது திருடனுக்கு அழைப்பு என்பதால் அதை எப்படியும் செய்யாதீர்கள்.

குளிரில் பாலிமருக்கு ஒரு சிறு வெற்றி உண்டு. மினசோட்டாவின் ஜனவரியில் அலுமினியம் கன்னத்திலும் விரலிலும் பட்டால் சுரீரென்று இருக்கும், நைலான் அப்படி உறிஞ்சாது. எனினும் வறண்ட கடுங்குளிரில் நைலானின் முறியும் தன்மை கூடுகிறது.

வேர்வை, உப்புக் காற்று, எண்ணெய்?

நைலான் துருப்பிடிக்காது; துப்பாக்கி எண்ணெய்கள் அதை ஒன்றும் செய்வதில்லை. பிரேக் துடைக்கும் திரவம் போன்ற கடும் கரைப்பான்களைத் தெளிக்காமல் இருப்பது நல்லது. அலுமினியத்துக்கு அனோடைஸ் தோல் கவசம். தோல் உரிந்த இடத்தில், எஃகு முளை தொட்டுக்கொண்டிருக்கும் மூலைகளில், உப்பு சேர்ந்தால் வெண்பொடி பூக்கும். ஃபுளோரிடா கரையோரம் இருப்பவர்கள் துடைத்து ஓர் எண்ணெய்த் தடவல் கொடுத்தால் போதும்.

எந்தத் தோட்டாவுக்கு எது?

.22 மாற்றுத் தொகுதி போட்டுப் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளும் ரைஃபிளுக்குப் பாலிமர் லோயர் தாராளமாகப் போதும். அதன் உதைப்பு பேசத்தக்கதே அல்ல. .223க்கு நல்ல வடிவமைப்புள்ள பாலிமர் போதும். .458 சோகாம், .50 பியோவுல்ஃப் போன்ற பெருந்தோட்டாக்களுக்கு அலுமினியம் தவிர வேறெதையும் நினைக்காதீர்கள். 9 மில்லிமீட்டரில் பலர் ஏமாறுவதுண்டு. தோட்டா சிறியது என்று எண்ணுகிறார்கள். ஆனால் அந்த வகைகள் பலவற்றில் போல்ட் பூட்டிக்கொள்வதில்லை, தன் கனத்தாலேயே அழுத்தத்தை எதிர்த்து நிற்கிறது. அந்தக் கனமான இரும்பு பின்னால் வந்து மோதும் மோதல், .223இன் மோதலை விடக் கடுமையாக லோயரின் பின்பகுதியில் விழும்.

பாலிமர் ரைஃபிள் விமான நிலையச் சோதனையில் சிக்காதாமே?

கட்டுக்கதை. குழல், போல்ட், சுருள்கள், முளைகள் எல்லாம் எஃகு. இரண்டு கிலோவுக்கு மேல் உலோகம் அதில் இருக்கிறது. 1980களில் கிளாக் வந்தபோது எழுந்த பீதியின் மிச்சம் இது. அந்தப் பீதியின் விளைவாக, சோதனைக் கருவியில் தென்படாத துப்பாக்கிகளைத் தடை செய்யும் சட்டத்தை அமெரிக்கா 1988இல் இயற்றியது.

உடைந்துவிட்டால் ஒட்டிப் பயன்படுத்தலாமா?

கூடாது. கண்ணாடி இழை நைலானின் முறிவை எந்தப் பசையும் பழைய வலிமைக்குக் கொண்டுவராது. உற்பத்தியாளரிடம் திருப்பி அனுப்பினால், பலர் ஆயுள் உத்தரவாதப்படி மாற்றித் தருகிறார்கள்; அதே வகை மாற்றுத் துப்பாக்கியை உற்பத்தியாளர் உரிமையாளருக்கு நேரே அனுப்பக் கூட்டாட்சிச் சட்டம் இடம் கொடுக்கிறது, சில மாநிலங்களில் கடை வழியாகவே வரவேண்டும். பாலிமர் லோயரில் வரிசை எண், பிளாஸ்டிக்கில் பதித்த சிறு உலோகத் தகட்டில் இருக்கும். அந்தத் தகட்டைப் பெயர்த்து இன்னொன்றில் ஒட்டுவது கடுங்குற்றம். உடைந்தாலும் அது சட்டப்படி துப்பாக்கியே என்பதால் குப்பைத்தொட்டியில் போடக் கூடாது.

பழைய பாலிமர் லோயர் ஒன்று மலிவாக வருகிறது. என்ன பார்க்கவேண்டும்?

பின்கட்டையையும் குழாயையும் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கழற்ற மறுத்தால் வாங்காதீர்கள். வளையத்தின் அடியில், கைப்பிடிக்கு மேல் சேரும் வளைவில், விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். அழுத்தம் கண்ட நைலான் உடைவதற்கு முன் வெளுக்கும். கறுப்பில் சாம்பல் நிற நரம்புபோல் தெரிந்தால் அது கோடல்ல, விரிசலின் தொடக்கம். விசை முளைகள் விரலால் தள்ளியதும் வழுக்கி வெளியே வந்தால் துளைகள் தேய்ந்துவிட்டன. வாங்குவதானால் தனிநபரிடமிருந்து வாங்கினாலும் கடை வழியாக மாற்றிக்கொள்வதே உங்களுக்குப் பாதுகாப்பு.

நீங்கள் எதை வைத்திருக்கிறீர்கள்?

அடித்துருவாக்கிய 7075 லோயர் ஒன்று, ஒரே உடலாக வார்த்த பாலிமர் ஒன்று. அலுமினியத்தின் வடிவத்தை அப்படியே நகலெடுத்த பாலிமர் லோயர் என்னிடம் இல்லை. இனி வாங்கப்போவதும் இல்லை. பிளாஸ்டிக்கோடு வாழ்ந்தவன் இப்படிச் சொல்கிறானே என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். பிளாஸ்டிக்கை மதிப்பவனுக்குத்தான் அதை உலோகத்தின் உடுப்பில் பார்க்கப் பொறுக்காது.

இந்தியாவுக்குத் திரும்பும்போது லோயரை மட்டும் பெட்டியில் வைத்துக்கொண்டு போகலாமா? வெறும் பிளாஸ்டிக் துண்டுதானே?

போகக் கூடாது. இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் ஆயுதத்தின் பாகங்களையும் ஆயுதம் என்றே வரையறுக்கிறது. உரிமமின்றிக் கொண்டுவருவதும், அங்கே வீட்டில் பொருத்துவதும் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். அமெரிக்கப் பக்கத்திலும் லோயரை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக ஏற்றுமதி உரிமம் வேண்டும். குடிபெயர்வதானால் கிளம்புவதற்குச் சில மாதம் முன்பே உரிமம் பெற்ற கடையில் கொடுத்து விற்றுவிடுங்கள், அவர்கள் தரும் ரசீதைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.